பாளையத்து மனைகள்

ஓர் இனத்தின் வரலாற்றைக் கோயிலும் கோட்டையும் மட்டுமே முழுமையாகக் கூறிவிடா. மக்கள் உண்டு உறங்கி, மக்களைப் பெற்று வளர்த்த எளிய மனைகளும் வரலாற்றுச் சான்றுகளே. பெங்களூரில் குடியேறிய நம் முன்னோர் எழுப்பிய இல்லங்களைப் பற்றி ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

அல்சூர் ஏரிக்குத் தெற்கே அமைந்தது ஜோகுபாளையம். இன்று அது மாடி வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதி. எனினும் அதன் பெயர் பழைய நிலையை நினைவூட்டுகிறது. பாளையம் என்பது படை இறங்கிய இடத்தையும், அதனை அடுத்து எழுந்த சிற்றூரையும் குறிக்கும் சொல். கன்னடத்தில் அதுவே 'பாள்ய' என வழங்கும். இப்பக்கத்தில் தமிழ் நேற்று வந்த மொழியன்று. அண்மையிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன.

1809-இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றி, அல்சூரை அடுத்துத் தண்டு அமைத்தனர். சென்னை மாகாணத்துப் படையோடு சிப்பாய்கள் மட்டுமா வந்தனர்? கொத்தர், தச்சர், வண்ணார், தையற்காரர், தோட்டக்காரர், தானிய வணிகர் எனப் பலரும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தனர்.

அக்காலத்து எளியோர் மனைக்கு அருகில் கிடைத்த மண்ணும் கல்லுமே மூலப்பொருள். செம்மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்தனர், சுண்ணாம்பு பூசினர், மூங்கில் வரிச்சின்மேல் நாட்டு ஓடு வேய்ந்தனர். கருங்கல் மலிந்த நாடாகையால், பலகைபோற் பிளந்த கல்லைச் சுவராக நிறுத்தும் முறையும் இவ்வட்டாரத்தில் உண்டு. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், மங்களூர் ஓடு மெல்ல மெல்ல நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது. தெருப்பக்கம் திண்ணை, உள்ளே ஒரு கூடம், ஓர் அடுக்களை, பின்புறம் மாட்டுக்கும் விறகுக்கும் இடம். பிறந்த ஊரிலிருந்து புதிதாய் வந்த உறவினர் வேலை கிடைக்கும்வரை படுத்துறங்கியது அத்திண்ணையில்தான்.

1898-இல் கொள்ளைநோய் பெங்களூரைத் தாக்கியது. காற்றும் ஒளியும் குறைந்து, எலிவளைகளுக்கு இடந்தந்த மண்வீடுகள் அதிகாரிகளுக்கு நோயின் உறைவிடமாகத் தோன்றின. நோய் அணுகாத நகரமாக வகுக்கப்பட்டுப் பிரேசர் டவுன் எழுந்தது. அல்சூரை அடுத்த நாக்ஸ்பேட்டை பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் திட்டப்படி திருத்தி அமைக்கப்பட்டு, மர்பி டவுன் எனப் பெயர் பெற்றது. நலவாழ்வு நோக்க இம்மாற்றம் வேண்டியதே. இருண்ட வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் பழைமையின் அழகைப் பேசுதல் முறையன்று. ஆயினும் இடிந்த சுவரோடு, அதனைக் கட்டியவர் பெயரும் மறைந்துவிடுகிறது என்பதே நம் கவலை.

இங்கு ஒன்றை ஒப்பு நோக்குவோம். கப்பன் பூங்காவையொட்டிச் செந்நிறமாய் விளங்கும் அட்டாரா கச்சேரியை 1860களில் கட்டி முடித்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். 1980களில் அதனை இடிக்கும் எண்ணம் எழுந்தபோது குடிமக்கள் வழக்காடினர். அக்கட்டடம் இன்றும் உயர்நீதிமன்றமாக நிமிர்ந்து நிற்கிறது. அத்தகைய மாளிகைகளுக்குக் கல் சுமந்த கைகள் தமக்கெனக் கட்டிக்கொண்ட குடிலுக்காக வழக்காட யார் இருந்தனர்?

பழைய வீடெல்லாம் அப்படியே நிலைக்க வேண்டுமென நாம் கோரவில்லை. குடும்பம் பெருகினால் மாடி எழத்தான் வேண்டும். ஆனால் கடப்பாரை படுவதற்கு முன் வீட்டை அளந்து, படமெடுத்து, கட்டியவர் பெயர், அவர் புறப்பட்டு வந்த ஊர், பயன்பட்ட பொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைக்கலாம் அல்லவா? பெட்டியின் அடியில் மடங்கிக் கிடக்கும் பத்திரத்தையும் வரி ரசீதையும் பழந்தாள் என்று எறியாது காக்கலாம். வீட்டுப் பெரியோரை அமர்த்தி, அவர் பிறந்த மனையின் அமைப்பைக் கோடிட்டுக் காட்டச் செய்யலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அங்ஙனம் செய்தால், நாம் எங்கிருந்து வந்தோம் எனப் பிள்ளைகள் வினவும் நாளில், ஓர் ஊரின் பெயரைச் சொல்வதோடு ஒரு வாசலையும் அவர்களுக்குக் காட்ட இயலும்.