தியன் பியன் பூ முற்றுகை

பகைவர் அரணை வளைத்துப் பொருதலை உழிஞை என்றும், உள்ளிருந்து அதனைக் காத்தலை நொச்சி என்றும் பெயரிட்டு, இரண்டிற்கும் இலக்கணம் வகுத்தவர் நம் முன்னோர். புறத்தே நிற்போன் வீரத்தையும் அகத்தே இருப்போன் வீரத்தையும் ஒருங்கே மதித்த மரபு அது. வள்ளுவப் பெருந்தகையோ, வினை தொடங்குமுன் ஆராய வேண்டியவற்றை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார். இவை முடிமன்னர் காலத்தோடு கழிந்துபோன பாடங்கள் என்று எண்ணுவோர் உளராயின், அவர்கள் 1954ஆம் ஆண்டிலே வியட்நாமின் வடமேற்கு மூலையில் நிகழ்ந்த தியன் பியன் பூ முற்றுகையின் வரலாற்றைக் கற்றல் நன்று. குடியேற்ற நாட்டு மக்கள், தம்மை ஆண்ட ஐரோப்பிய வல்லரசொன்றின் சேனையை நேருக்கு நேர் நின்று வளைத்துப் பிடித்த போர் அது.

போரின் தோற்றம்

பிரான்சு தேசத்தார் வியட்நாமிற் படையிறக்கியது 1858ஆம் ஆண்டிலாகும். அந்நூற்றாண்டு முடியுமுன் வியட்நாம், கம்போடியா, லாவோசு ஆகிய மூன்றும் பிரெஞ்சு இந்தோசீனா என்ற பெயரில் அவர்கள் கைக்குட்பட்டன. நெல்லும் இறப்பரும் நிலக்கரியும் கப்பலேறின, மண்ணுக்குரியவன் கூலியானான். இரண்டாம் உலகப் போரிலே யப்பானியர் புகுந்தனர். 1945ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வடபகுதியில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். யப்பான் தோற்றதும், 1945 செப்டெம்பர் 2ஆந் திகதி ஹனோய் நகரில் ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் செய்தார். பிரான்சு அதனை ஏற்கவில்லை. 1946 டிசெம்பரில் நாடெங்கும் போர் மூண்டது. ஏழாண்டுகள் கழிந்தும் முடிவு கிட்டவில்லை. 1953ஆம் ஆண்டில் நவார் என்னும் தளபதி பிரெஞ்சுச் சேனைகளின் தலைமையை ஏற்றபோது, போர்ச்செலவின் பெரும்பகுதியை அமெரிக்காவே சுமந்துகொண்டிருந்தது.

இடம்

தியன் பியன் பூ என்பது மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. ஹனோயிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தில், லாவோசின் எல்லையை அடுத்துள்ளது. நடுவே ஓர் ஆறு, இருமருங்கும் நெல்வயல், யப்பானியர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று. லாவோசுக்குச் செல்லும் வழியை அடைப்பதும், மறைந்து தாக்கும் பகைவனை வெளியே இழுத்துப் பீரங்கிக்கு இரையாக்குவதும் நவாரின் நோக்கம். 1953 நவம்பர் 20ஆந் திகதி பிரெஞ்சுப் பரசூட் வீரர் அங்கே குதித்தனர். கேணல் த காஸ்திரி என்பவர் தலைமையில் காவலரண்கள் எழுந்தன. பெயாட்ரிஸ், கப்ரியேல், எலியான், இசபெல் எனப் பெண்களின் பெயர்களே அவற்றிற்கு இடப்பட்டன.

இத்திட்டம் மூன்று நம்பிக்கைகளின்மேல் நின்றது. அம்மலைகளைக் கடந்து பகைவன் கனரகப் பீரங்கிகளைக் கொண்டுவர இயலாது. கொண்டுவந்தாலும் தன் சேனைக்கு அங்கே சோறிட இயலாது. தமக்கு வேண்டியன யாவும் விமானத்தில் வந்து சேரும். மூன்றும் பொய்த்தன. தரை முழுவதும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, சூழ இருந்த மலையோ வியட்மின் படையினர் கையில் இருந்தது. கிண்ணத்தின் அடியில் அமர்ந்தவனுக்கு விளிம்பில் நிற்பவனே எசமானன் அன்றோ?

வலி

பீரங்கிகளும் லொறிகளும் சீனாவிலிருந்து வந்தன. சீன ஆலோசகரும் உடனிருந்தனர். இதனை மறைத்து எழுதுதல் வரலாறாகாது. ஆயினும் எல்லையில் வந்திறங்கிய பொருளை மலையுச்சிவரை சேர்த்தவர்கள் வியட்நாமியக் குடியானவரே. ஏறத்தாழ 260,000 ஆண்களும் பெண்களும் இப்பணியில் ஈடுபட்டனர் என்று அந்நாட்டு வரலாறு கணக்கிடுகின்றது. பகலில் விமானங்கள் குண்டு வீசின. ஆதலின் இரவிலே பாதை வெட்டினர், உடைந்த பாதையை இரவிலே செப்பனிட்டனர்.

அரிசி சுமத்தலில் ஒரு கணக்குண்டு. தோளிற் காவடி கட்டிச் சுமப்பவனும் வழியில் உண்ண வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்தால் சுமையிற் பெரும்பகுதி சுமப்பவன் வயிற்றுக்கே போய்விடும். இந்தக் கணக்கை மாற்றியது துவிச்சக்கரவண்டி. கைபிடியில் மூங்கிற்கழி கட்டி, சட்டத்தை மரத்தாலும் இரும்பாலும் வலுப்படுத்தி, இருபுறமும் மூடை தொங்கவிட்டு, ஏறி மிதியாமல் பக்கத்தே நடந்து தள்ளிச் சென்றனர். ஒரு வண்டி 200 கிலோவும் அதற்கு மேலும் சுமந்தது. ஏறத்தாழ 20,000 வண்டிகள் இவ்வாறு மலையேறின. விறகும் மூடையும் கட்டிச் சைக்கிள் தள்ளும் காட்சி நம் ஊராருக்குப் புதியதன்று. ஆனால் அதுவே ஒரு வல்லரசின் போர்க்கணக்கைப் பொய்யாக்கும் என்று பாரிசில் எவரும் எண்ணவில்லை.

குடியானவன் ஏன் இவ்வளவு சுமந்தான்? அந்நியன் அகலவேண்டும் என்ற வேட்கை ஒன்று. 1953 டிசெம்பரில் நிறைவேறிய நிலச்சீர்திருத்தச் சட்டத்தினால், உழும் நிலம் தனக்காகும் என்ற நம்பிக்கை மற்றொன்று. அச்சீர்திருத்தத்தின் பெயரால் பின்னர் கொடுமைகளும் நிகழ்ந்தன. எனினும் அன்று சுமை தூக்கியவனுக்கு அந்நம்பிக்கை உண்மையானதே.

காலம்

வியட்மின் சேனையின் தளபதி வோ நுயன் கியாப், போர்க் கல்லூரியிற் பயின்றவர் அல்லர். ஹனோயில் ஒரு பாடசாலையில் வரலாறு கற்பித்தவர். அவருடைய மனைவியார் பிரெஞ்சுச் சிறையில் உயிர்நீத்தவர். பழிவாங்க விரையும் நெஞ்சுக்கு அவரிடத்தே காரணம் உண்டு. 1954 சனவரி மாதக் கடைசியில் தாக்குதலுக்கு நாளும் குறிக்கப்பட்டது. பீரங்கிகள் கயிறு கட்டி, மனித வலிமையால் அங்குலம் அங்குலமாக மலைமேல் இழுக்கப்பட்டிருந்தன. விரைந்து அடித்து விரைந்து வெல்வது என்பதே அன்றைய திட்டம்.

ஆனால் பிரெஞ்சு அரண்கள் நாளுக்கு நாள் வலுப்பெற்றன. வெற்றி உறுதியாயின் தாக்குக, உறுதியின்றேல் தாக்கற்க என்பதே ஹோ சி மின் அவருக்கு இட்ட கட்டளை. சனவரி 26ஆந் திகதி கியாப் தாக்குதலை நிறுத்தினார். ஏற்றிய பீரங்கிகளைத் திரும்ப இறக்கும்படி பணித்தார். உயிரைக் கொடுத்து மேலே இழுத்தவர்களிடம், மீண்டும் கீழே இழுங்கள் என்று சொல்வது எளிதன்று. இறக்கும்போது சரிந்த ஒரு பீரங்கியைத் தடுக்கத் தோ வின் தியன் என்னும் வீரர் தம் உடலையே அதன்முன் இட்டு மாண்டார். தம் வாழ்விலே எடுத்த முடிவுகளுள் மிகக் கடினமானது இதுவே என்று கியாப் பிற்காலத்தில் எழுதினார்.

அதன்பின் ஏறத்தாழ ஏழு வாரங்கள். மலைச்சரிவைக் குடைந்து பீரங்கிகளை உள்ளே அமைத்தனர். பகைவனை ஏமாற்ற வேறிடங்களிற் பொய்ப் பீரங்கிகளை நிறுத்தினர். அரிசியும் குண்டும் சேர்த்தனர்.

முற்றுகை

1954 மார்ச் 13ஆந் திகதி மாலை மலைகள் வாய் திறந்தன. அன்றிரவே பெயாட்ரிஸ் வீழ்ந்தது. 15ஆந் திகதி கப்ரியேல் வீழ்ந்தது. பகைவன் பீரங்கியைத் தாம் அடக்கிவிடுவதாக உறுதி கூறியிருந்த பிரெஞ்சுப் பீரங்கித் தளபதி கேணல் பிரோத், மனமுடைந்து கைக்குண்டொன்றினால் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மாத இறுதியில் ஓடுதளம் முற்றாக முடங்கியது. காயமுற்றோரை வெளியேற்றவும் வழியில்லை. பரசூட்டில் வீசிய உணவும் வெடிமருந்தும் பல வேளை பகைவர் கையிலே விழுந்தன.

வியட்மின் வீரர் மண்வெட்டியைத் துப்பாக்கிக்கு நிகரான ஆயுதமாக்கினர். அகழிகள் நூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, அரண்களைச் சிறிது சிறிதாக நெருக்கின. ஏப்ரிலில் ஒரே குன்று பல முறை கைமாறியது. மழையில் அகழிகள் சேற்றுக் கால்வாய்களாயின. வியட்மின் அணிகளிலும் பேரிழப்பினாற் சோர்வு தோன்றியது. உள்ளே இருந்தோரும் கோழைகள் அல்லர். தோல்வி நெருங்குவது தெரிந்தும், முன்னொருபோதும் பரசூட்டிற் குதித்தறியாதவர் பலர் தாமாக முன்வந்து இரவில் அப்பள்ளத்தாக்கிற் குதித்தனர். நொச்சி மறவருக்குரிய மதிப்பை இவர்களுக்கு மறுத்தல் தகாது.

மே 6ஆந் திகதி இரவு, எலியான் குன்றின் அடியிலே தோண்டிய சுரங்கத்தில் ஏறத்தாழ ஒரு தொன் வெடிமருந்து வெடித்தது. மறுநாள் மே 7ஆந் திகதி மாலை, முற்றுகை தொடங்கிய 56ஆம் நாள், த காஸ்திரி தம் பாசறையிலே சிறைப்பட்டார்.

சிறைப்பட்டோர் பதினாயிரம் பேர்வரை. அவர்களுள் பிரெஞ்சுக்காரரோடு அல்சீரியர், மொறொக்கர், மேற்காபிரிக்கர், அந்நிய நாட்டுப் படையைச் சேர்ந்த செருமானியர், வியட்நாமியர் எனப் பலரும் இருந்தனர். அடிமை நாட்டு மகனைக் கொண்டே மற்றோர் அடிமை நாட்டை அடக்குதல் ஏகாதிபத்தியத்தின் பழைய வழக்கம். அந்த அல்சீரியாவிலே அதே ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி விடுதலைப் போர் மூண்டமை நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் நாடும் இவ்வரலாற்றுக்கு முற்றும் புறம்பானதன்று. அந்த ஏப்ரிலில், பிரெஞ்சுத் துருப்புகளை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் தன் வான்வழியே பறக்க இந்தியா இடந்தரவில்லை. இலங்கையோ கட்டுநாயக்காவில் இறங்கிச் செல்ல இடந்தந்தது. அதே மாதம் 28ஆந் திகதி, சேர் ஜோன் கொத்தலாவல அழைத்த மகாநாட்டுக்காக நேரு, ஊ நு, முகம்மது அலி, அலி சாஸ்திரோஅமிஜோயோ ஆகிய பிரதமர்கள் கொழும்பிற் கூடினர். இந்தோசீனாவிற் போர் நிறுத்தமும் பூரண சுதந்திரமும் வேண்டுமென முடிவு செய்தனர். ஒரே மாதத்தில் ஒரே அரசாங்கம் செய்த இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்தல் அரசியல் பயிலும் இளைஞர்க்குப் பயன்தரும்.

வெற்றியும் விலையும்

தியன் பியன் பூ வீழ்ந்த மறுநாள், மே 8ஆந் திகதி, ஜெனீவா மகாநாட்டில் இந்தோசீனா பற்றிய பேச்சு ஆரம்பமாயிற்று. யூலையில் உடன்படிக்கை எழுந்தது. பிரெஞ்சு ஆட்சி முடிவுற்றது. ஆயின் நாடு 17ஆம் அகலக்கோட்டில் இரண்டாயிற்று. 1956இல் நடைபெறவேண்டிய தேர்தல் நடைபெறவில்லை. மீண்டும் மூண்ட போர், அமெரிக்காவையும் உள்ளிழுத்து, 1975 ஏப்ரில் 30ஆந் திகதியே ஓய்ந்தது. முற்றுகையில் இறந்த வியட்நாமியர் நாலாயிரத்துக்கு மேல் என்பது அவர்கள் கணக்கு. எண்ணாயிரம் வரை என்பது மேலைநாட்டார் மதிப்பு. சிறைப்பட்டோரிலும் ஏறத்தாழ 3,300 பேரே உயிருடன் மீண்டனர்; நெடுநடையும் பசியும் நோயும் ஏனையோரிற் பெரும்பாலோரைக் கொண்டுசென்றன. போர் என்பது எவ்வளவு கொடிது என்பதை இந்நாட்டிலே வாழும் நமக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலின் இவ்வரலாற்றை நாம் எழுதுவது போர்வேட்கையை ஊட்டுவதற்கன்று. மார்ச் 13ஆந் திகதியின் முழக்கத்தையே பலரும் நினைவிற் கொள்வர். நாமோ சனவரி 26ஆந் திகதியை நினைவிற் கொள்ளுமாறு இளைஞரை வேண்டுவோம். நாள் குறித்தாயிற்று, எல்லாரும் ஆயத்தமாய் நிற்கின்றனர், பின்வாங்கினால் நகைப்பர் என்ற நிலையிலும், காலம் கனியவில்லை என்று கண்டு, தன் சொல்லைத் தானே மாற்றும் துணிவு தலைவனுக்கு வேண்டும். காரணம் உணர்ந்து அதனை ஏற்கும் பொறுமை தொண்டர்க்கும் வேண்டும். ஒரு பாடசாலை கட்டுவதாயினும், ஒரு கோயிற்பணி செய்வதாயினும், ஒரு சமுதாயத்தின் உரிமையை வேண்டி நிற்பதாயினும் இது பொருந்தும். கியாப் 102 வயதுவரை வாழ்ந்து, 2013ஆம் ஆண்டில் மறைந்தார்; உலகம் அவர் பெயரை அறியும். பீரங்கியை மேலே இழுத்து, கீழே இறக்கி, மறுபடியும் மேலே இழுத்த கைகளின் பெயர்களை உலகம் அறியாது. அவர்களையும் நினைந்து போற்றுதல் நம் கடமையாகும்.