எவருயிர் பெரிது?

உயிர் காக்கும் வழியொன்று உளதாகி, அவ்வழியிற் சிலர்க்கே இடமும் உளதாயின், அச்சிலர் யாவர் என்பதை எவ்வாறு துணிவது? அறநூலார் நெடுங்காலம் ஆராய்ந்த இவ்வினா, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சிறுநீரக நோய் மருத்துவத்தின் வரலாற்றிலே நேருக்கு நேர் எழுந்தது.

குருதியிற் சேரும் கழிவை உடலுக்குப் புறத்தே வடித்தகற்றும் பொறியை ஒல்லாந்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப் 1943 இல் இயக்கினார். அந்நாடு அப்போது ஜேர்மனியர் வசப்பட்டிருந்தது. தொடக்க முயற்சிகள் பெரும்பாலும் பயன் தரவில்லை. போர் முடிந்தபின், 1945 செத்தெம்பரில், 67 வயது மூதாட்டி ஒருவர் உணர்விழந்த நிலையில் அவரிடம் வந்தார். பகைவரோடு ஒத்துழைத்தவர் எனச் சிறையிடப்பட்டிருந்தவர் அவர். கொல்ஃப் அம்மூதாட்டியின் குற்றத்தை நிறுக்கவில்லை, நோயையே நோக்கினார். அப்பொறியாற் பிழைத்தோருள் முதல்வராக எண்ணப்படுபவர் அவரே.

எனினும், நாட்பட்ட நோயாளர்க்குப் பன்முறை பயன்படுத்த அப்பொறி ஏற்றதாயிருக்கவில்லை. 1960 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து வைத்தியர் பெல்டிங் ஸ்கிறிப்னர், தெப்லன் குழாய்களை நாடியிலும் நாளத்திலும் நிலையாகப் பொருத்தும் முறையைக் கண்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இம்முறையால் முதன்முதற் சிகிச்சை பெற்றவர் 11 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். நோய்க்கு வழி பிறந்தது. ஆனாற் பொறிகளோ சில, செலவோ பெரிது.

1962 இல் அந்நகரிலே செயற்கைச் சிறுநீரக நிலையம் திறக்கப்பட்டது. சிகிச்சைக்கு ஏற்றவரை வைத்தியர் முதலில் தெரிந்தனர். அவருள் இடம் பெறுவோரை எழுவர் கொண்ட குழு தீர்மானித்தது. சட்டத்தரணி, மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசாங்க உத்தியோகத்தர், தொழிற்சங்கத் தலைவர், சத்திரசிகிச்சை நிபுணர் என்போர் அதன் உறுப்பினர். அவர்தம் பெயர்கள் வெளியிடப்படவில்லை. வயது, மணவாழ்வு, பிள்ளைகள், வருமானம், கல்வி, தொழில், கடந்தகாலத் தொண்டு என்பன அவரால் ஆராயப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் ஷானா அலெக்சாண்டர் 'லைஃப்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இச்செய்தியை உலகறியச் செய்தது.

அவ்வெழுவரைக் கொடியோர் எனல் நீதியன்று. தெரிவு செய்யாதிருப்பின் பிழைத்த சிலரும் மாண்டிருப்பர். அவர் சுமந்த பாரம் பிறர் சுமக்க அஞ்சியதே. குறை அவர்தம் நெஞ்சில் அன்று. கையிற் பிடித்த கோலில் இருந்தது. சிகிச்சை எவர்க்குப் பயன்படும் என்பது வைத்திய அறிவால் ஓரளவு காணத்தக்கது. வாழத் தகுதியுடையார் எவர் என்பதற்கோ அளவுகோல் எவரிடத்தும் இல்லை. அதனை அளக்கப் புகுவோர் தம் வாழ்க்கையையே அளவாகக் கொள்வர். தம்மை ஒத்தோரிடத்தே தகுதியைக் காண்பர். இக்குழு நடுத்தர வகுப்பாரின் விழுமியங்களாலேயே மாந்தரை அளந்தது என டேவிட் சாண்டேர்ஸ், ஜெசி டுக்மினியர் என்னும் இருவர் 1968 இற் கண்டித்தமை இதுபற்றியே. துணையின்றித் தனித்து வாழ்வோனும், வேலையிழந்தோனும், ஊரொடு ஒத்துப்போகாதோனும் அத்தகைய கோலில் இலேசாகவே நிற்பர். இடம் போதாதவிடத்து, ஏற்றவர் அனைவரிடையே திருவுளச் சீட்டால் தெரிவதும், முன்வந்தார்க்கு முதலிடம் அளிப்பதும் குறையற்ற முறைகள் அல்ல. ஆயினும் விடப்பட்டோனை நோக்கி, 'நீ தாழ்ந்தவன்' என அவை கூறுவதில்லை.

1972 இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டத்தால், 1973 யூலை முதல் இந்நோயாளருட் பெரும்பாலோரின் சிகிச்சைச் செலவு பொதுநிதியைச் சார்ந்தது. அத்தகைய குழுக்களுக்கு அங்கே தேவை இல்லாதொழிந்தது. நேற்றுவரை தகுதியற்றோர் எனத் தள்ளப்பட்டிருக்கக்கூடியோர் இன்று சிகிச்சை பெற்றனர். மாறியது அவர்தம் தகுதியோ? அன்று, நிதி ஒதுக்கீடே மாறியது. மனிதரின் மதிப்புப் பற்றியதாகத் தோன்றிய வினா, பெரும்பகுதி பணமும் பொறியும் பற்றியதாகவே இருந்தது.

எல்லாப் பற்றாக்குறையும் இவ்வாறு தீர்வதில்லை. மாற்றுறுப்புகளுக்குக் காத்திருப்போர் இன்றும் பலர். 2020 இற் கொள்ளைநோய் பரவியபோது, சுவாசப் பொறியை எவர்க்கு அளிப்பது என்னும் வினா பல நாடுகளில் மீண்டும் எழுந்தது. நாளை வைத்தியராயும் நிருவாகிகளாயும் விளங்கவிருக்கும் மாணவர் அவ்வினாவை எதிர்கொள்ளக்கூடும். அப்போது, இடத்தைப் பெருக்க வழியுண்டோ என்பதை அவர் முதலில் ஆராய்தல் வேண்டும். வழியில்லையேல், கொல்ஃப் நோக்கியவாறு நோயை நோக்குக. நோயாளியின் தகுதியை நிறுக்கப் புகாதிருத்தலே அறம்.