எந்திரக் கட்டுப்பாட்டுக் கணினிப் பழுது

எந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி என்பது தானுந்தின் எந்திரத்திற்கு எவ்வளவு எரிபொருள் செலுத்த வேண்டும், எக்கணத்தில் தீப்பொறி உண்டாக்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்யும் மின்னணுக் கருவியாகும். பட்டறைகளில் இது ஈசியூ அல்லது ஈசிஎம் என்ற சுருக்கப் பெயர்களாலேயே அறியப்படுகிறது. இக்கணினி பழுதடைந்தால் எந்திரம் தொடங்காது, அல்லது தாறுமாறாக இயங்கும். ஆனால் தாறுமாறாக இயங்கும் எந்திரங்களில் மிகச் சிலவற்றிலேயே கணினி பழுதடைந்திருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே பழுதறிதலில் கடினமான பகுதியாகும். விலையுயர்ந்த இக்கருவியை மாற்றிய பின்னரும் அதே கோளாறு தொடர்வது அரிதான நிகழ்வன்று.

வரலாறு

1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்பு வோல்க்ஸ்வேகன் 1600 தானுந்தில் அறிமுகமானது. அது எரிபொருளை மட்டுமே கட்டுப்படுத்தியது. எரிபொருள், தீமூட்டல் ஆகிய இரண்டையும் ஒரே எண்ணிமக் கணினியின் கீழ்க் கொண்டுவந்த மோட்ரானிக் அமைப்பு 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ தானுந்தில் வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் ஓபிடி-2 என்னும் பொதுவான பழுதறி முறை கட்டாயமாக்கப்பட்டது. 16 முனைகள் கொண்ட அதன் இணைப்பி ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், திசைமாற்றிச் சக்கரத்தின் கீழ்ப்புறத்தில் பொதுவாக அமைந்திருக்கும்.

செயற்பாடு

மாற்றச்சின் சுழல்நிலை, உட்செல்லும் காற்றின் அளவு, குளிர்விப்பு நீரின் வெப்பநிலை, வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிசன் போன்றவற்றை உணரிகள் கணினிக்குத் தெரிவிக்கின்றன. இவ்வுணரிகளுள் பலவற்றிற்குக் கணினியே 5 வோல்ட் மின்னழுத்தம் வழங்குகிறது. மறுபுறத்தில் எரிபொருள் உட்செலுத்திகளைக் கணினி இயக்குகிறது. பெரும்பாலான தானுந்துகளில் உட்செலுத்திக்கு 12 வோல்ட் மின்சாரம் எப்போதும் சென்றுகொண்டிருக்கும். கணினி அதன் எதிர்முனைப் பாதையை மட்டும் மூடித் திறக்கிறது. இச்செயலைச் செய்யும் திரிதடையங்களே கணினியினுள் எளிதில் எரிந்துபோகும் உறுப்புகளாகும்.

பழுதறிதல்

சோதனை கணினியிலிருந்து அன்றி மின்கல அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். நன்கு மின்னேற்றப்பட்ட மின்கல அடுக்கு ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது இது 10 வோல்ட்டுக்கு மிகக் கீழே இறங்கினால் நல்ல கணினியும் மயங்கி நின்றுவிடக்கூடும்.

அடுத்து, சாவியைத் திருப்பி, எந்திரத்தைத் தொடக்காமல் எச்சரிக்கை விளக்கைக் கவனிக்க வேண்டும். எந்திரப் படம் பொறித்த அவ்விளக்கு இந்நிலையில் எரிய வேண்டும். எரியாவிடில் கணினி விழிக்கவில்லை என்று கொள்ளலாம். விளக்கே பழுதாக இருப்பதும் உண்டு. பழுதறி கருவி கணினியுடன் தொடர்பு கொள்கிறதா என்று பார்த்தால் அவ்வையம் நீங்கும். பிற கட்டுப்பாட்டுக் கருவிகள் பதிலளித்து, எந்திரக் கணினி மட்டும் மௌனமாக இருந்தால் அவை யு0100 என்ற குறியீட்டைப் பதிவு செய்திருக்கும். எந்திரக் கணினியுடன் தொடர்பு அறுந்தது என்பது இதன் பொருள்.

அப்போதும் கணினியைக் குற்றவாளியாக்குதல் கூடாது. அதற்கு மின்சாரம் வழங்கும் உருகி, ரிலே, மெக்கானிக்குகள் எர்த் என்றழைக்கும் எதிர்முனை இணைப்பு ஆகிய மூன்றும் முதலில் ஆராயப்பட வேண்டும். எர்த் கம்பியில் மின்தடையை மட்டும் அளப்பது ஏமாற்றக்கூடியது. பல இழைகளுள் ஒரே ஓர் இழை அறுபடாமல் இருந்தாலும் மானி நல்ல அளவையே காட்டும். மின்னோட்டம் செல்லும்போது கணினியின் எர்த் முனைக்கும் மின்கல அடுக்கின் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பதே நம்பத்தக்க முறையாகும். அது 0.1 வோல்ட்டுக்கு மிகாமல் இருத்தல் நலம்.

பலரை ஏமாற்றும் மற்றொரு கோளாறு 5 வோல்ட் வழங்கலில் உள்ளது. ஏதேனும் ஓர் உணரி குறுக்குச் சுற்றானால் அது இவ்வழங்கலைத் தரைமட்டத்திற்கு இழுத்துவிடும். சில தானுந்துகளில் அப்போது கணினி முற்றிலும் செயலிழந்தது போலத் தோன்றும். உணரிகளின் இணைப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் மீள்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வாறு மீண்டால் மாற்ற வேண்டியது அவ்வுணரியையோ அதன் கம்பியையோ மட்டுமே.

கணினி தன் பழுதைத் தானே அறிவிப்பதும் உண்டு. பி0601 நினைவகச் சரிபார்ப்புப் பிழையையும், பி0606 செயலிப் பிழையையும் குறிக்கும். இவ்வரிசையிலுள்ள பி0603 சற்று வேறுபட்டது. இதுவும் நினைவகப் பிழை என்றே விளக்கப்படுகிறது. எனினும் மின்கல அடுக்கைக் கழற்றி மாட்டியதாலும் இது தோன்றலாம். குறியீட்டை அழித்து, ஓட்டிப் பார்த்து, மீண்டும் தோன்றுகிறதா என அறியாமல் கணினியை மாற்றுவது வீண்செலவாகும்.

கொரோலா திரும்ப அழைப்பு

கணினியே உண்மையில் பழுதாக இருந்ததற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு வட அமெரிக்காவில் விற்கப்பட்ட டொயோட்டா கொரோலா, மேட்ரிக்ஸ் தானுந்துகளாகும். 2005 முதல் 2008 வரையான மாதிரிகளில் எந்திரம் ஓடும்போதே நின்றுவிடுவதாக வந்த முறையீடுகளை ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2009 இறுதியில் ஆராயத் தொடங்கியது. 2010 ஆகத்து மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 11.3 இலட்சம் தானுந்துகளைத் திரும்ப அழைப்பதாக டொயோட்டா அறிவித்தது.

கணினியின் சுற்றுப்பலகையில் சில பற்றாசு இணைப்புகளிலோ, மிகை மின்னழுத்தத்திலிருந்து சுற்றைக் காக்கும் உறுப்பிலோ வெடிப்பு உண்டாகலாம் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. எச்சரிக்கை விளக்கு எரிதல், பல்லிணை கடினமாக மாறுதல், எந்திரம் தொடங்காமை ஆகியன இதன் அறிகுறிகள். சிலவற்றில் ஓட்டத்தின் நடுவிலேயே எந்திரம் நின்றது. உறுதிசெய்யப்படாத மூன்று விபத்துகளும் அவற்றுள் ஒன்றில் சிறு காயமும் இதனுடன் தொடர்புபடுத்தப்பட்டன. கணினிகள் கட்டணமின்றி மாற்றித் தரப்பட்டன.

இத்தகைய வெடிப்பு விட்டுவிட்டுத் தோன்றும் இயல்புடையது. வெப்பத்தில் விரிந்து பிரியும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். வண்டி பட்டறைக்கு வரும்போது கோளாறு மறைந்திருக்கும். கணினிப் பெட்டியை இலேசாகத் தட்டியும், வெதுவெதுப்பான காற்றால் சூடாக்கியும் கோளாற்றை வரவழைத்துப் பார்ப்பது இதனாலேயே.

மாற்றுதல்

கணினி எரிந்திருந்தால், ஏன் எரிந்தது என்று அறியாமல் புதியதைப் பொருத்தலாகாது. இக்னிஷன் காயில் அல்லது வரிச்சுருள் வால்வு குறுக்குச் சுற்றாகி, அதை இயக்கும் திரிதடையத்தை எரித்திருக்கலாம். அவ்வுறுப்பை விட்டுவைத்தால் புதிய கணினியும் அதே வழியில் எரியும். இணைப்பியில் பச்சைநிற அரிப்புக் காணப்பட்டால் நீர் புகுந்த வழியை அடைக்க வேண்டும். பிற வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது முனைகளை மாற்றி இணைத்தது, மின்கல அடுக்கைக் கழற்றாமல் வண்டியில் பற்றவைப்பு வேலை செய்தது ஆகியன பிற காரணங்கள்.

மாற்றுக் கணினியின் பாக எண் பழையதுடன் பொருந்த வேண்டும். ஒரே தோற்றமும் ஒரே இணைப்பியும் போதா; எந்திரம், பல்லிணைப் பெட்டி, விற்பனை நாடு ஆகியவற்றிற்கேற்ப உள்ளிருக்கும் மென்பொருள் மாறுபடும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கணினி மலிவாகக் கிடைத்தாலும் திருட்டுத் தடுப்பு அமைப்பு குறுக்கே நிற்கும். சாவியிலுள்ள சிறு சில்லின் மறைகுறி கணினியின் பதிவுடன் ஒத்தால்தான் எந்திரம் தொடங்கும். வேறு வண்டியின் கணினி இச்சாவியை அறியாது. எந்திரம் ஒரு வினாடி இயங்கி நிற்பது பல தானுந்துகளில் இதன் அடையாளமாகும். பழைய கணினியின் நினைவகத்தைப் படிக்க இயலுமாயின் அதன் பதிவைப் புதியதில் ஏற்றலாம். ஆகவே பழைய கணினியை வேலை முடியும்வரை எறிந்துவிடலாகாது.

மின்கல அடுக்கின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே இணைப்பிகளைத் தொட வேண்டும். பின்னர் மென்பொருள் ஏற்றும்போது மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் கருவியை இணைத்தல் இன்றியமையாதது. பாதியில் மின்னழுத்தம் குறைந்தால் புதிய கணினியே பயனற்றுப் போகலாம். 17 எழுத்தெண்கள் கொண்ட வண்டி அடையாள எண்ணைப் பதித்தல், காற்றுத் தடுக்கிதழின் நிலையை மீளக் கற்பித்தல் ஆகியன பல மாதிரிகளில் இறுதி வேலைகளாகும்.

செலவைக் கணக்கிடும் முன் உத்தரவாதத்தைப் பார்ப்பது நன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு முதலான இலகுரக வண்டிகளில், மாசுக் கட்டுப்பாட்டிற்குரிய இக்கணினிக்கு 8 ஆண்டுகள் அல்லது 80,000 மைல்கள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை கூட்டரசுச் சட்டப்படி உத்தரவாதம் உண்டு. அந்நாட்டில் புகைச் சோதனைக்கு உட்பட்ட மாநிலங்களில் மாற்றிய மறுநாளே சோதனைக்குச் செல்வதும் பயன் தராது. புதிய கணினி தன் தற்சோதனைகளை முடிக்கப் பல நாள்கள் வெவ்வேறு வேகங்களில் ஓட்டப்பட வேண்டும். அதுவரை வண்டி சோதனைக்கு ஆயத்தமாகவில்லை என்றே கருவி காட்டும்.