ஏழாம் வருஷம்

செம்பாக்கத்தில் ஒரு வயல் இரண்டு வருஷம் சும்மா கிடந்தால் மூன்றாம் வருஷம் அதில் மனைக்கல் முளைத்துவிடும். தரிசு என்ற சொல்லை நாம் வசையாகத்தான் வைத்திருக்கிறோம். மோசேயின் சட்டத்தில் தரிசு ஒரு கடமை. ஆறு வருஷம் விதைத்த நிலம் ஏழாம் வருஷம் ஓய்ந்திருக்க வேண்டும். ஓய்ந்ததற்கு அது யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

அந்த ஏழாம் வருஷம் 1880இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குள் வந்தது: பேராசிரியருக்கு ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே மிஷனரிகளின் தாயக விடுப்பு இருந்தது. 1841 முதல் இடையன்குடியில் உழைத்த கால்டுவெல், உடல் நலிந்து 1854இல் இங்கிலாந்து போனார். ஓய்வுக்குப் போனவர் 1856இல் லண்டனில் வெளியிட்டது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். இதை உழைப்பின் மேன்மைக்கு உதாரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். நூலின் பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நலிந்த ஒரு மனிதரின் ஓய்வு நமக்கு அந்த நூலால் மட்டுமே நியாயமாகத் தெரிகிறது என்பதுதான் உறுத்துகிறது. அவர் மூன்று வருஷம் கடற்கரையில் வெறுமனே உட்கார்ந்திருந்தால் மன்னித்திருப்போமா? அவருடன் உழைத்த உள்ளூர் உபதேசியாருக்கோ தாயகம் இதே ஊர்தான். தாயக விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் வருஷத்து விதிகளும் இந்த மனோபாவத்தைத்தான் சட்டமாக்கியிருக்கின்றன. இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு வருஷம் முடித்தவருக்கு ஓராண்டுக்கு மிகாத விடுப்பு உண்டு. நோக்கம் அவருடைய திறமையையும் பயன்பாட்டையும் கூட்டுவது மட்டுமே. வேலைத் திட்டத்தை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். களைப்பு ஒரு காரணமாக அதில் இல்லை. கௌரவ விரிவுரையாளர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். உபதேசியாரின் இடத்தில் இப்போது நிற்பவர் அவர்தான்.

வங்கிக் குமாஸ்தாக்களாகிய நாங்கள் அலுத்துப்போனால் காய்ச்சலைக் கண்டுபிடிக்கிறோம். பேராசிரியர் ஆராய்ச்சியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டுமே பொய்தான். காய்ச்சலாவது நான்கு நாளில் முடிந்துவிடும். ஆராய்ச்சிக்கு அறிக்கை எழுத வேண்டும்.

இலக்கியக்காரர்களாகிய நாம் மட்டும் யோக்கியர்களா? ஒருவன் ஐந்து வருஷம் எழுதாமலிருந்தால், வறண்டுவிட்டான் என்று முதலில் சொல்வது நாம்தான். அவன் ஓய்ந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. நம் பார்வையும் மனைக்கல் நடுகிறவனின் பார்வைதான்.