தேவகோட்டை வட்டாரத்தில் மரம் வளர்ப்பு: விறகு முதல் தட்பவெப்பம் வரை

தேவகோட்டை, காரைக்குடி பகுதியின் செம்மண் நிலம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கிறது. ஆறுகளில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை. மழைநீரைக் கண்மாயும் ஊருணியும் தேக்கி வைக்கின்றன. இந்நிலத்துக்கு உரியது குட்டையான, இலை உதிராத வறண்ட காடு. பாலை, வீரை, காசான் முதலிய மரங்கள் கொண்ட அக்காட்டின் எச்சங்கள் அய்யனார் கோயில்காடுகளில் நிலைத்தன. நகரத்தார் வீடுகளுக்கான தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. உள்ளூர்க் காட்டுக்கு விழுந்த சுமை அடுப்பு விறகுதான்.

அந்தச் சுமையைத் தாங்க வந்த மரம் சீமைக்கருவேலம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்துக்குள் கொண்டுவரப்பட்ட இம்மரம், பிறகு இராமநாதபுரம் சீமையெங்கும் பரவியது. விறகும் கரிமூட்டத் தொழிலும் ஏழைகளுக்கு வருமானம் தந்தன. தரிசும் கண்மாய் உட்பகுதியும் முட்காடாயின.

திட்டமிட்ட நடவில் முக்கியமானது, சுவீடன் அரசின் சிடா நிறுவன உதவியுடன் 1981இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக்காடுகள் திட்டம். கண்மாய்களின் நீர்ப்பிடிப்பு நிலத்தில் நாட்டுக் கருவேல மரங்களை வனத்துறை வளர்த்தது. இத்தேர்வு மிகச் சரியானது. மழைக்காலத்தில் வேர் நீரில் நின்றாலும் கோடையில் மண் வெடித்தாலும் கருவேலம் தாங்கும். அதன் காய் ஆட்டுக்குத் தீனி, கட்டை கலப்பைக்கும் அடுப்புக்கும் ஆகும். முதிர்ந்த மரங்கள் ஏலம் விடப்பட்டு, வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு கிடைத்தது. ஒரே இனத்தை நெருக்கி நட்டது இதன் குறை. தூர்வாருவதற்கு மரங்கள் இடையூறு என்ற எதிர்ப்பும் எழுந்தது.

1974இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் நோக்கம் வேறு. காகித ஆலைகளின் கூழ்மரத் தேவைக்காக அது புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் தைல மரங்களைப் பெருமளவில் வளர்த்தது. தைலத் தோப்பு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கண்மாய்க்கு நீர் வரும் வழியைக் கெடுக்கிறது என்பது இப்பகுதி விவசாயிகளின் நெடுநாள் குறை. மழை குறைந்த நிலத்தில் இது புறக்கணிக்கத்தக்க குறையன்று.

காலநிலைக்காக மரம் நடுவது அதற்குப் பின் வந்த எண்ணம். எங்கு நட்டாலும் ஒரே பலன் கிடைப்பதில்லை. கனடா, சைபீரியா போன்ற வடபுலங்களில் வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் வளரும் கரும்பச்சை ஊசியிலைக்காடு வெயிலை உள்வாங்கிக்கொள்கிறது. கரியமில வாயுவைச் சேமித்துப் பெறும் பலனை இவ்வெப்பம் பெருமளவு ஈடுசெய்துவிடலாம் என்று 2000இல் ரிச்சர்ட் பெட்ஸ் ஆய்வு காட்டியது. வடபுலம் சூடாகிப் பனிக்காலம் சுருங்கச் சுருங்க இந்த இழப்பு குறையும். ஆனால் காட்டுத்தீ, பூச்சித்தாக்குதலால் சேமித்த கரியே திரும்ப வெளியேறும் ஆபத்து கூடும்.

தேவகோட்டை வட்டாரத்தில் வெண்பனி இல்லை. மரம் நிழலாலும் இலைவழி வெளியேறும் நீராவியாலும் நிலத்தைக் குளிர்விக்கிறது. அந்த நீராவிக்கான நீரோ கண்மாயும் கிணறும் எதிர்பார்த்திருக்கும் அதே மழைநீர். ஆகவே கரிச் சேமிப்பை மட்டும் பார்த்து இங்கு இனத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பைப் பத்து ஆண்டுகளில் 33 விழுக்காடாக்க இலக்கு வைத்து நாட்டு மரங்களுக்கு முதலிடம் தந்தது. அதே ஆண்டில் அயல் படர் இனங்களை அகற்றுவதற்கான அரசுக் கொள்கையும் வந்தது. சீமைக்கருவேலம் அதில் அடங்கும்.