மணலில் எழுதிய விடை

1902-ல் அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார் ம. சிவப்பிரகாசம் பிள்ளை. தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறை ஊழியர். கல்லூரியில் தத்துவம் படித்தவர். மலைமேல் விரூபாட்ச குகையில் பேசாமல் இருந்த இருபத்திரண்டு வயது சுவாமியிடம், "நான் யார்?" என்று கேட்டார்.

பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட அந்தச் சுவாமி, விரலால் மணலில் எழுதிக் காட்டினார். சில விடைகளைப் பலகையில் எழுதினார். மணலில் எழுதியது காற்றோடு போய்விடும். பலகையோ அடுத்த விடைக்காகத் துடைக்கப்படும். பிள்ளை குறித்து வைத்ததால்தான் அந்தப் பதினான்கு கேள்விகளும் விடைகளும் நமக்கு மிஞ்சின.

1923-ல் பிள்ளை தம் பாடல்களோடு சேர்த்து அவற்றை அச்சிட்டார். முதல் விடையில் உடல் நானல்ல, புலன்கள் நானல்ல என்று நீளும் பட்டியல் ரமணர் எழுதியதல்ல, வேதாந்தம் படித்திருந்த பிள்ளை சேர்த்தது என்று அடியவர்கள் சொல்வதுண்டு. பின்னர் ரமணரே இந்தக் கேள்வி விடைகளைக் கட்டுரையாகத் திருத்தி எழுதியபோதும் அந்தப் பட்டியலை நீக்கவில்லை. 'நான் யார்?' நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மாணவரின் படிப்பு குருவின் விடைக்குள் இடம்பெற்றுவிட்டது.

'நான் யார்?' என்ற அந்த விசாரம் கடல் கடந்தது. ஜெர்மானிய இந்தியவியலாளர் ஹைன்ரிக் சிம்மர் ரமணரின் உபதேசங்களை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். 1943-ல் அவர் அமெரிக்காவில் காலமானார். மறு ஆண்டு சூரிச்சில் வெளிவந்த அவரது ஜெர்மன் நூலுக்கு முன்னுரை எழுதியவர் உளவியலாளர் கார்ல் யுங். 1938-ல் இந்தியாவில் இருந்தபோதும் யுங் ரமணரைப் பார்க்க வரவில்லை. ஆனாலும் அகந்தைக்கும் ஆன்மாவுக்கும் உள்ள உறவு உளவியலும் ஆராய வேண்டிய கேள்வி என்று கண்டார். அகந்தை அடியோடு கரைவதை மட்டும் அவர் அப்படியே ஏற்கவில்லை.

அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்; தம் துறையை விட்டுவிடாமல் கேட்டதன் அடையாளம் அது. நாமோ பாடங்களை ஒரே கால அட்டவணையில் அடுக்கிவிட்டு அதைப் பல்துறைக் கல்வி என்கிறோம். பிள்ளையும் சிம்மரும் யுங்கும் அவரவர் படிப்போடு ஒரே கேள்வியின் முன் வந்து நின்றார்கள். படிப்பைக் கழற்றி வைத்துவிட்டு எவரும் வரவில்லை.

செங்கம் சாலையில் ரமணாசிரமப் புத்தகக் கடையில் 'நான் யார்?' மெல்லிய நூலாகக் கிடைக்கிறது. தத்துவமும் உளவியலும் கற்பிக்கும் ஆசிரியர்களே, இதையும் யுங்கின் முன்னுரையையும் ஒரே வகுப்பில், ஒரே மேசையில் வைத்து மாணவர்களோடு படியுங்கள்.