டீசல் என்ஜினைச் சூடாக்கிய கதை

டீசல் வேனிலோ டபல் கெப்பிலோ திறப்பைப் பாதி திருப்பினால் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம் எரிந்து அணையும். "ஹீற்றர் எடுக்குது, கொஞ்சம் பொறுங்க" என்பார்கள் நமது சாரதிமார். அட்டாளைச்சேனை வெயிலுக்கு அது ஓரிரு செக்கன் வேலை. ஆனால் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் 130 வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1885இல் இங்கிலாந்தின் பிளெட்ச்லியில், தகப்பனாரின் வேலைத்தளத்தில், ஹேர்பர்ட் அக்ரோய்ட் ஸ்டூவர்ட் என்ற இளைஞன் உருகிய வெள்ளீயம் இருந்த பாத்திரத்துக்குள் தவறுதலாக மண்ணெண்ணெயைச் சிந்திவிட்டான். எண்ணெய் உடனே ஆவியாகித் தீப்பற்றியது. வேறு யாரும் என்றால் பயந்து ஓடியிருப்பார்கள். அவனோ, சூடான இரும்பில் எண்ணெயைத் தெளித்தே ஒரு என்ஜினை ஓட்டலாமே என்று யோசித்தான். 1890இல் காப்புரிமை கிடைத்தது. கிரந்தம் நகரத்து ஹோர்ன்ஸ்பி கொம்பனி அதைச் செய்து விற்றது. பின்னாளில் 'ரஸ்டன்' என்று இலங்கையெங்கும் பேர்பெற்ற ரஸ்டன் அன்ட் ஹோர்ன்ஸ்பியின் ஹோர்ன்ஸ்பி இதுதான்.

அந்த என்ஜினின் தலையில் ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். காலையில் ஓட்டவேண்டுமென்றால், மண்ணெண்ணெயில் எரியும் ஊதுவிளக்கின் சுவாலையை அந்தக் குமிழுக்குப் பிடிக்கவேண்டும். சில நிமிடத்திலிருந்து கால் மணித்தியாலம் வரை எடுக்கும். குமிழ் நன்றாகக் காய்ந்தபிறகு சக்கரத்தைச் சுழற்றினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு விளக்குத் தேவையில்லை, உள்ளே எரிகிற எண்ணெயே குமிழைச் சூடாக வைத்திருக்கும். பெற்றோமக்ஸ் பற்றவைத்த கைகளுக்கு இது விளங்கும். முதலில் ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைச் சூடாக்காவிட்டால் புகையும் கரியும்தான் மிச்சம்.

ருடோல்ப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க்கில் ஓட்டிக்காட்டிய என்ஜினுக்கு இந்த ஊதுவிளக்கே வேண்டாம். காற்றை மிகவும் இறுக்கி அமுக்கினால் அதுவே கொதித்துவிடும், அதற்குள் எண்ணெயைத் தெளித்தால் தானாகப் பற்றும். டீசலுக்குக் கிடைத்த பெயர் அக்ரோய்டுக்கே சேரவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியிலிருந்து தீ கேட்ட என்ஜினும் கேட்காத என்ஜினும் ஒன்றல்ல.

ஆனாலும் ஊதுவிளக்கு உடனே ஒழிந்துவிடவில்லை. 1921இல் ஜேர்மனியில் வந்த லான்ஸ் புல்டொக் உழவு இயந்திரம் பழைய குமிழ் வகைதான். விவசாயி விளக்கைப் பிடித்துச் சூடாக்கிவிட்டு, ஸ்டியரிங்கைக் கழற்றி, அதையே பிடியாக மாட்டிச் சக்கரத்தைச் சுற்றுவான். சில வேளை என்ஜின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கிவிடும். அப்போது முன்னுக்குப் போகவேண்டிய மெசின் பின்னுக்குப் போகும்!

கட்டர்பில்லர் 1931இல் டீசல் மெசினைக் கொண்டுவந்தபோது இன்னொரு வழியைக் கண்டது. பெரிய டீசல் என்ஜினின் பக்கத்தில் ஒரு குட்டிப் பெற்றோல் என்ஜின். முதலில் குட்டியை ஓடவிடுவார்கள். அக்கால மெசின்கள் பலவற்றில் குட்டியின் சூடான தண்ணீர் பெரியதன் உடலுக்குள்ளும் ஓடும், அதன் புகைச்சூடு உள்ளே போகும் காற்றையும் காய்ச்சும். பெரியது இளஞ்சூடானதும் குட்டியே அதைச் சுழற்றி எழுப்பிவிடும். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, தீ வேண்டாத டீசலுக்கு ஏன் மறுபடியும் சூடு? குளிரில் உறைந்த இரும்பு, அமுக்கிய காற்றின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். என்ஜின் ஒயில் தடித்துவிடும். பற்றரியும் சோர்ந்துவிடும். 1941 டிசம்பரில் மொஸ்கோவுக்கு வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையையும் தாண்டியது. சோவியத்தின் டி-34 யுத்தத் தாங்கியில் இருந்தது 12 சிலிண்டர், 500 குதிரைவலு டீசல் என்ஜின். அதை உயிரோடு வைத்திருக்க, தாங்கியின் அடியில் குழிவெட்டி, அதற்குள் அடுப்பு வைத்து எரித்தார்கள். பக்கத்திலே வெடிமருந்து, தாங்கி நிறைய டீசல், அடியில் நெருப்பு. யோசித்துப் பாருங்கள்.

யுத்தத்துக்குப் பின் வந்த டி-54, டி-55 வகைகளில் அந்த அடுப்பு உள்ளேயே போய்விட்டது. டீசலை எரித்து என்ஜின் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு சின்னக் கொதிகலன். 1990களில் நமது நாட்டு இராணுவம் வாங்கியதும் டி-55தான். இந்த வெயிலில் அதற்கு என்ன வேலை?

இன்று வெபாஸ்டோ, எபர்ஸ்பெச்சர் போன்ற ஜேர்மன் கொம்பனிகள் அதையே சிறிய பெட்டியாகச் செய்கின்றன. வாகனத்தின் தாங்கியிலிருந்தே டீசலை எடுத்து எரிக்கும். 5 கிலோவாட் பெட்டி மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை லீற்றர் குடிக்கும். ஐரோப்பாவுக்கு லொறி ஓட்டப்போகும் நமது பிள்ளைகளுக்கு இதில் ஒன்று சொல்லவேண்டும். அது எரிவதால் அதற்கும் புகை உண்டு. அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கராஜுக்குள் ஒருபோதும் போடாதீர்கள். லொறியின் அடியில் நெருப்பு மூட்டும் பழைய வித்தையும் வேண்டாம்.

இன்னொன்று, என்ஜினைச் சூடாக்கினால் மட்டும் போதாது. கடுங்குளிரில் டீசலுக்குள் இருக்கும் மெழுகு கட்டிபட்டு வடிகட்டியை அடைத்துவிடும். லடாக்கில் சாரதிகள் காலங்காலமாக எண்ணெய்த் தாங்கிக்கு அடியிலும் தீ மூட்டியது இதனால்தான். 2019 நவம்பரில் இந்தியன் ஒயில் நிறுவனம், பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகை வரை உறையாத குளிர்கால டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. பானிபட்டில் சுத்திகரித்து, பனி மலைகளைக் கடந்து லேவுக்கு அனுப்புகிறார்கள்.